பக்கத்துப் பாத்திக் கீரை

பள்ளித் தோட்ட மன்றங்களை நடத்தப் புதிதாக வந்திருக்கிறீர்கள். விதையை எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எருக்குழியை எந்தப் பக்கம் வெட்டுவது, மாணவர் தலைவரை எப்படித் தேர்ந்தெடுப்பது எல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்ப்பதற்கு ஒன்றுமில்லை. அங்கே யாரும் சொல்லாத ஒரு விஷயத்தைப் பற்றித்தான் பேசப் போகிறேன். பொறாமை.

இந்த வேலையில் அது கட்டாயம் வரும். கணக்கு ஆசிரியருக்கு அவ்வளவாக வராது. பக்கத்து வகுப்பில் கணக்கு எப்படி விளைந்திருக்கிறது என்று ஜன்னல் வழியாகத் தெரியாது. கீரை தெரியும். தெரிந்துகொண்டே இருக்கும்.

அதை எப்படி விரட்டுவது என்று என்னிடம் கேட்காதீர்கள். எனக்கு அது போனதே இல்லை. அது உள்ளே உட்கார்ந்திருக்கும்போதே ஒரு முடிவை எடுக்க வேண்டி வந்தது. அதைச் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் தாராவியில் ஒரு தமிழ் வழிப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. வீடு மாட்டுங்காவில். கிங்ஸ் சர்க்கிளில் இருந்து பஸ் கிடைத்தால் பஸ், இல்லாவிட்டால் நடை. பள்ளியின் மொட்டை மாடியில் நான் ஒரு தோட்ட மன்றம் நடத்திக்கொண்டிருந்தேன். எண்ணெய் டின்களிலும் பழப்பெட்டிகளிலும் தக்காளி, மிளகாய், புதினா. மண் வேண்டுமே? மாட்டுங்காவில் பழைய வீட்டை இடித்து அஸ்திவாரம் தோண்டும் இடங்களில் கெஞ்சி வாங்கி, துணிப்பையில் நானே சுமந்து வருவேன். பஸ்ஸில் கண்டக்டர் முறைப்பார்.

பள்ளிக்குப் பின்னால் ஒரு துண்டு நிலம் சும்மா கிடந்தது. உடைந்த பெஞ்சுகளும் துருப்பிடித்த தகரங்களும் அதில் குவிந்திருந்தன. அதைச் சுத்தம் செய்து கொடுங்கள் என்று வருஷா வருஷம் ஹெட்மாஸ்டரைக் கேட்டேன். "பாக்கலாம் டீச்சர்" என்பார். அதோடு சரி.

அப்போதுதான் தங்கராஜ் வந்தார். திருநெல்வேலிப் பக்கம். விவசாயக் கல்லூரியில் படித்தவர். ஊரில் வேலை கிடைக்காமல் பாண்டுப்பில் அண்ணன் வீட்டுக்கு வந்து, எங்கள் பள்ளியில் சேர்ந்திருந்தார். என்னைவிடப் பல வயது இளையவர். சேர்ந்த முதல் வாரத்திலேயே சட்டையைக் கழற்றி ஜன்னல் கம்பியில் மாட்டிவிட்டு, பனியனோடு அந்த பெஞ்சுகளை இழுத்துப் போட ஆரம்பித்தார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. ஹெட்மாஸ்டர் வந்து இடுப்பில் கைவைத்துப் பார்த்தார். "பேஷ்" என்றார். நான் கேட்ட நிலமும் அதுதான்.

மழை முடிந்ததும் அங்கே பாத்திகள் எழுந்தன. அவருடைய மன்றம் வேறு மாதிரி நடந்தது. பிள்ளைகள் ஓட்டுப் போட்டுத் தலைவரைத் தேர்ந்தெடுத்தார்கள். வாரத்துக்கு ஒரு கூட்டம். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வார். ஏதாவது கேட்டால், "எங்கிட்ட ஏன் கேக்கிய? நீங்களே பேசி முடிவு பண்ணுங்க" என்பார். என் மாடியில் நான் சொல்வேன், பிள்ளைகள் செய்வார்கள். கீழே பிள்ளைகளே சண்டை போட்டு, பேசி, ஏதோ ஒரு முடிவுக்கு வந்தார்கள். வகுப்பில் வாயைத் திறக்காத பையன்கள் அந்தப் பாத்தி ஓரத்தில் நின்று பிரசங்கம் செய்ததை நானே பார்த்தேன்.

என் மன்றத்தின் தலைவியாக இருந்தவள் ஜைனப். எட்டாம் வகுப்பு. தகராறு என்றாலும் வேலை என்றாலும் முதலில் கேட்பது அவள் குரல்தான். அவளுடைய அப்பா தோல்பை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தார். மாமா சொந்தமாக ஒரு சிறிய தோல் பதனிடும் கொட்டகை வைத்திருந்தார். மாடிச் சாவியை அவளிடம்தான் கொடுத்து வைத்திருந்தேன். ஒரு நாள் அந்தச் சாவியை மேஜைமேல் வைத்தாள்.

"டீச்சர், நான் கீழ போலாம்னு இருக்கேன்."

"ஏன்?"

"அங்க மண்ணு இருக்கு டீச்சர்."

மாடியிலும் மண் இருந்தது. ஒவ்வொரு பிடியும் நான் சுமந்தது. ஆனாலும் அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. "போ" என்றேன். அவளுக்குப் பின்னால் நல்ல பிள்ளைகள் எல்லாரும் போனார்கள். கையில் அழுக்குப் படக்கூடாது என்று வீட்டில் சொல்லி அனுப்பப்பட்ட சிலர் மட்டும் என்னோடு மிஞ்சினார்கள். கீழே நடந்த அடுத்த தேர்தலில் ஜைனப் தலைவியானாள்.

ஆசிரியர் அறையில் என் நாற்காலி ஜன்னல் ஓரம். ஜன்னலைத் திறந்தால் அந்தப் பாத்திகள். ஒரு நாள் தமிழ் ஆசிரியை, "வெயில் அடிக்குதே டீச்சர், இடத்த மாத்திக்கலாமே?" என்றார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார். அறையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நான் இடத்தை மாற்றவில்லை. பார்க்காமல் இருப்பது பார்ப்பதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அந்த வருஷக் கடைசியில் நகரத்துத் தமிழ்ப் பள்ளிகளுக்கு இடையே ஒரு தோட்டப் போட்டி வந்தது. ஜெயிக்கும் மன்றத்துக்குக் கேடயம். அந்த மன்றத்தின் மாணவர் தலைவர் கோடை விடுமுறையில் நகரத்தை விட்டு வெகுதூரம், மலைக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயக் கல்லூரியில் நடக்கும் தலைமைப் பயிற்சி முகாமுக்குப் போகலாம். எங்கள் பள்ளியில் இருந்து இரண்டு மன்றங்களும் தனித்தனியாகப் பெயர் கொடுத்தன. ஜைனப்புக்கு முகாம்மேல் உயிர். "ஜெயிச்சா போ, சும்மா அனுப்ப மாட்டேன்" என்று அவள் அப்பா சொல்லியிருந்தார். அதற்கு முன்னால் அவள் தனியாகப் பக்கத்தில் இருக்கும் தாதர் வரைக்கும்கூடப் போனதில்லை.

போட்டி நெருங்கிய சமயத்தில் முனிசிபாலிட்டி குழாயில் தண்ணீர் குறைந்துபோனது. காலையில் கொஞ்ச நேரம் நூல் மாதிரி வரும், குடிக்கவே பற்றாது. என் மாடியில் தக்காளி முதலில் போனது. அப்புறம் மிளகாய். புதினா சுருண்டு கறுத்தது. கீழே எட்டிப் பார்த்தால், தங்கராஜின் கீரை கரும்பச்சையாக நிற்கிறது. தண்டு விரல் தடிமன்.

அந்தப் பச்சையைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. எரிந்ததால்தான் அவ்வளவு உற்றுப் பார்த்தேன். போட்டிக்கு முந்தின நாள் இறங்கிப் போனேன். அடி இலைகளின் ஓரம் நெருப்பில் காட்டியது போலக் கருகியிருந்தது. பாத்தியின் மண்மேல் உப்பு பூத்தது போல ஒரு வெண்மை. செடிக்கு ஊற்றும் பிளாஸ்டிக் வாளியை நிமிர்த்திப் பார்த்தேன். உள்பக்கம் நீலமும் பச்சையும் கலந்த ஒரு படிவு. அந்த நிறம் எனக்குத் தெரியும். பள்ளிக்கு வரும் வழியில், தோல் கொட்டகைகளுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையின் நிறம் அது. தோலைப் பதனிடப் போடும் மருந்தின் நிறம்.

மறுநாள் மத்தியானம் அந்தக் கீரையைத்தான் சமைத்து, போட்டிக்காகத் தோட்டம் பார்க்க வருகிற விருந்தாளிகளுக்கும் பிள்ளைகள் எல்லாருக்கும் போடுவதாக ஏற்பாடு.

ஜைனப்பைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தண்ணி எங்கேர்ந்துடி கொண்டு வரேள்?"

அவள் முகம் இறுகியது. "அது எங்க மன்றத்து விஷயம் டீச்சர். சார்ட்ட கேளுங்க."

தங்கராஜிடம் போனேன். அவர் தோரணம் கட்டிக்கொண்டிருந்தார். "பிள்ளைகளே பாத்துக்கிடுதாங்க டீச்சர். நான் அதுலலாம் தலையிடுகதில்ல" என்று சிரித்தார். நான் வாளியைப் பற்றிச் சொன்னேன். சிரிப்புக் குறைந்தது. "டீச்சர், உங்க செடியெல்லாம் காஞ்சது எனக்கும் வருத்தந்தான்..." என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார். நிறுத்தியது மரியாதைக்காக.

ஹெட்மாஸ்டர் இன்னும் நேராகப் பேசினார். "உங்க வாயால இத நீங்க சொன்னா, கேக்கறவங்க என்ன நினைப்பாங்கன்னு யோசிச்சீங்களா?"

யோசித்தேன். அன்று சாயங்காலம் பஸ் வந்தும் ஏறாமல் நடந்தே போனேன். நான் பார்த்தது எது, நான் விரும்புவது எது என்று பிரித்துப் பார்த்தேன். பார்த்தது: வாளிப் படிவு, வெள்ளை மண், கருகிய ஓரம். விரும்புவது: தங்கராஜ் தோற்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கம் கை காட்டின. அதுதான் இதில் உள்ள கஷ்டம். உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். உண்மையும் உங்கள் எரிச்சலும் ஒரே வரியைச் சொல்லும். அப்போது உங்களுக்கே உங்கள்மேல் நம்பிக்கை இருக்காது. ஊருக்கு எப்படி இருக்கும்? பேசாமல் இருந்துவிட்டால் பெருந்தன்மை மாதிரி இருக்கும். பார்ப்பவர்களும் மெச்சுவார்கள். ஆனால் பிள்ளைகள் சாப்பிட்டுவிடுவார்கள்.

நான் தப்பாக இருந்தால் ஒரு விழா கெடும். சரியாக இருந்தால்? அந்தக் கணக்குக்கு விடை சுலபம். இத்தனைக்குப் பிறகும் என் பேச்சை யார் எடுப்பார்கள் என்பதுதான் மிச்சம். நடந்துகொண்டிருக்கும்போதே அதற்கும் ஒரு வழி தெரிந்தது. பிடிக்காத வழி.

காலையில் முதல் வேலையாக ஹெட்மாஸ்டர் அறைக்குப் போனேன். "மாடித் தோட்டத்தைப் போட்டியில இருந்து எடுத்துடுங்கோ."

"காஞ்சாலும் பரவால்ல டீச்சர், பேருக்கு இருக்கட்டுமே."

"வேண்டாம். இப்பவே எடுத்துடுங்கோ."

அவர் என் பெயரை அடித்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கீழே இறங்கினேன். கீரை அறுத்துக் குவித்தாகிவிட்டது. பெண் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து நறுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்பில் பெரிய பாத்திரத்தில் தண்ணீர் கொதித்தது. தங்கராஜ் கையில் கரண்டியோடு நின்றார். என்னைப் பார்த்ததும், "நேத்தே சொன்னேம்லா டீச்சர்" என்றார்.

"நான் போட்டியில இல்லை. எடுத்துட்டேன். நீங்க தோத்தாலும் எனக்கு வரப்போறது ஒண்ணுமில்லை" என்றேன். "இப்போ கேளுங்கோ. இந்தத் தண்ணி எங்கேர்ந்து வந்ததுன்னு ஒரே ஒரு தடவை விசாரிங்கோ. குழாய்த் தண்ணின்னு தெரிஞ்சா, வர எல்லார் முன்னாடியும் நான் உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கறேன்."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார். "ஜைனப், இங்க வா."

அவள் பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். அவர் கேட்டதும், மறைக்கவெல்லாம் இல்லை, பெருமையாகத்தான் சொன்னாள். "மாமா கொட்டகையில இருந்து சார். தோலு நனச்ச தண்ணி தொட்டியில தெளிஞ்சு நிக்கும்லா, அது. வேஸ்டாத்தான போவுதுன்னு மாமாட்ட கேட்டேன். அதுல பாதி, குழாய்த் தண்ணி பாதி. நாங்க மீட்டிங் போட்டு முடிவு பண்ணுனோம். பாருங்க, எப்படி வந்திருக்குன்னு!"

தங்கராஜின் முகத்தில் ரத்தமே இல்லை. "ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"நீங்கதான சார் சொன்னீய, எங்கிட்ட ஏன் கேக்கியன்னு."

அந்தத் தண்ணீரில் என்ன மருந்து, அது உடம்புக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் அவளிடம் சொன்னேன். சுருக்கமாகத்தான் சொன்னேன். அவள் கேட்டாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவளுடைய முகாம் அவளைவிட்டு நகர்ந்து போவது கண்ணில் தெரிந்தது. கடைசியில் என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"உங்களுக்குப் பொறாமை டீச்சர்! எல்லாருக்கும் தெரியும்!"

நறுக்கிக்கொண்டிருந்த கைகள் நின்றன. இல்லை என்று சொல்லியிருந்தால் அங்கேயே எல்லாம் முடிந்திருக்கும். பொய் சொல்பவளின் பேச்சை எதற்கு நம்ப வேண்டும்?

"ஆமா, பொறாமைதான்" என்றேன். "நேத்து சாயங்காலம் நீங்க தோக்கணும்னுகூட நெனச்சேன். ஆனா என் பொறாமை அந்த வாளிக்குள்ள பச்சைய பூசலை ஜைனப். வேணும்னா நீயே போய்ப் பார்."

அவள் போகவில்லை. அழுதாள். சத்தமே இல்லாமல், நின்ற இடத்திலேயே.

நானாக இருந்தால் அந்த நிமிஷமே பாத்திரத்தைக் கவிழ்த்திருப்பேன். தங்கராஜ் அதைச் செய்யவில்லை. அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தப்பு பண்ணுனது நான். கேக்க வேண்டியவன் கேக்கல. ஆனா தலைவி நீதான். இப்ப என்ன செய்யணும், சொல்லு."

அவ்வளவு இக்கட்டிலும் அவளிடமே கேட்டார். அதுதான் சரி என்று எனக்கு உடனே தெரிந்தது. எனக்கு அது தோன்றியிருக்காது என்பதும் தெரிந்தது. அவருடைய கீரையைப் பார்த்து எரிந்ததெல்லாம் ஒன்றுமே இல்லை, அந்தக் கேள்வியைக் கேட்டு எரிந்ததற்கு முன்னால்.

ஜைனப் தாவணியால் முகத்தைத் துடைத்தாள். "அடுப்ப அணைங்க" என்றாள்.

விருந்தாளிகள் வந்து உட்கார்ந்தார்கள். வரவேற்புரை ஹெட்மாஸ்டருடையது, அதற்கு முன்னாலேயே அவள் எழுந்து நின்றுவிட்டாள். "இந்தக் கீரைய யாரும் திங்கக் கூடாது. தண்ணி இல்லன்னு தோலு நனச்ச தண்ணிய ஊத்தச் சொன்னது நான்தான். அதுல மருந்து இருக்கு. செடி நல்லா வந்துச்சா, அதனால எங்களுக்குத் தப்புன்னு தெரியல." அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டாள். அப்புறம் தங்கராஜ் எழுந்து, பிள்ளைகளைக் குறை சொல்லாதீர்கள், விசாரிக்காதது தன் குற்றம் என்றார். என் பெயர் எங்கும் வரவில்லை.

அன்று எல்லாரும் சோறும் சாம்பாரும் மட்டும் சாப்பிட்டார்கள். கேடயம் செம்பூரில் ஒரு பள்ளிக்குப் போனது. அங்கே கிணறு இருந்தது. முகாமுக்கும் அந்தப் பள்ளிப் பையன்தான் போனான். ஜைனப்பின் மாமா மறுநாள் பள்ளி வாசலில் வந்து நின்றார். "உதவி செஞ்சதுக்கு சபையில வச்சு மானத்த வாங்கிட்டாளே" என்று சத்தம் போட்டார். தங்கராஜ் அவர் தோளில் கைபோட்டு டீக்கடைக்குக் கூட்டிப் போனார். திரும்பி வரும்போது இருவரும் சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

சொன்னது சரியாக இருந்துவிட்டால் மனசு ஆறிவிடும் என்று நினைக்காதீர்கள். ஆசிரியர் அறையில் அந்த வாரம் முழுவதும் இரண்டே பேச்சு. அந்தப் பெண்ணுக்கு என்ன தைரியம். தங்கராஜ் சாருக்கு என்ன மனசு. கண்டுபிடித்தது நான். பெயர் அவர்களுக்கு. மாடிக்கு ஒரு பிள்ளைகூடத் திரும்பி வரவில்லை. ஜைனப் நடைவழியில் என்னைப் பார்த்தால் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆனாலும் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். பொறாமை இருக்கும்போது உண்மையைச் சொல்ல நேர்ந்தால், அந்த உண்மையால் உங்களுக்கு வரக்கூடிய லாபத்தை முதலில் விட்டுவிடுங்கள். பிறகு வாயைத் திறங்கள். சபையில் சொல்லாதீர்கள், உரியவரிடம் நேரில் சொல்லுங்கள். பொறாமைதானே என்று கேட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பார்க்க மிச்சம் இருப்பது விஷயம் மட்டும்தான். நான் நல்லவள் என்பதால் இதைச் செய்யவில்லை. வேறு எந்த வழியிலும் என் பேச்சு எடுபடாது என்பதால் செய்தேன்.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது, அந்தப் பாத்திகளின் மண் முழுவதையும் வெட்டி எடுத்து, வேறு மண் கொட்டியிருந்தார்கள். ஜைனப்பையே மறுபடியும் தலைவியாக்கியிருந்தார்கள். முதல் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு நாள், அவள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள். பல மாதங்களுக்குப் பிறகு என்னிடம் பேசினாள்.

"டீச்சர், மன்றத்துல ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். மாசா மாசம் வெளி ஆளு ஒருத்தர் வந்து தோட்டத்த செக் பண்ணணும். உங்க பேரத்தான் எல்லாரும் சொன்னாங்க."

"நான் எதுக்கு? தங்கராஜ் சார் இருக்காரே."

"சாருக்கு எங்க மேல பாசம் டீச்சர். என்ன பண்ணாலும் சபாஷ்ம்பாரு. நீங்கதான் குத்தம் கண்டுபிடிப்பீய."

"எனக்குப் பொறாமைன்னு சொன்னியே?"

"அதான் டீச்சர்" என்றாள்.

கிண்டல் செய்கிறாளா என்று பார்த்தேன். இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும் முகம்.

போனேன். வாளியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மண்ணைக் கிளறினேன், முகர்ந்தேன். அடி இலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தனித்தனியாக நாலைந்து பேரைக் கேட்டேன். எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். ஜைனப் என் பின்னாலேயே வந்தாள். தங்கராஜ் தள்ளி நின்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதாவது ஒரு குறை கிடைக்காதா என்று முதல் பாத்தியில் இருந்து மறுபடியும் தேடினேன்.

"ஒண்ணும் இல்லை. நன்னா இருக்கு" என்றேன்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு உள்ளே எரிந்தது. அடுத்த மாதமும் கூப்பிட்டார்கள், போனேன்.